பனிச்சறுக்குப் பயணம்: எதில் சிக்கனம், எதில் கூடாது

வெளிநாட்டுக்குப் போய்ப் பனிச்சறுக்கு பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது, எந்த நாடு மலிவு என்பதைத்தான். நியாயமான கேள்வி. ஆனால் அதிலிருந்து தொடங்கினால் கணக்கு தப்பிப்போகிறது. இந்தப் பயணத்தில் கரைகிற பணத்தில் பெரும்பகுதி, புதிதாகப் பழகுகிறவரால் தொடக்கூட முடியாத வசதிகளுக்குப் போய்விடுகிறது. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள வெய்ல் மலையில் உச்சப் பருவத்து ஒரு நாள் லிஃப்ட் டிக்கெட் 300 டாலரைத் தாண்டிவிட்டது. 2008-இல் அந்த மலையை நடத்தும் நிறுவனம் ‘எபிக் பாஸ்’ என்ற பருவச் சீட்டை 579 டாலருக்கு அறிமுகப்படுத்தியது. அதன் பிறகு கவுன்ட்டரில் வாங்கும் ஒரு நாள் டிக்கெட்டின் விலை ஏறிக்கொண்டே போக, இலையுதிர் காலத்திலேயே பருவச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்வதுதான் லாபம் என்ற நிலை வந்தது. குளிர்காலம் முழுவதும் வந்துபோகிற உள்ளூர்க்காரருக்கு அது நல்ல ஏற்பாடு. வாழ்க்கையில் முதல்முறையாகப் பனியில் கால் வைக்க வருகிறவருக்கு அதில் எந்தப் பயனும் இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: கொடுக்கிற பணத்துக்கு எத்தனை மணி நேரம் உருப்படியாகப் பழகிக்கொள்ள முடியும்? இப்படிக் கேட்டுப் பார்த்தால் எங்கே கையை இறுக்கலாம், எங்கே இறுக்கக் கூடாது என்பது தெளிவாகிவிடும். மலையின் பெயரில், மாதத்தில், உடையில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். பயிற்சியாளர், காப்பீடு, நாட்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றில் மட்டும் கை வைக்கக் கூடாது.

முதல் நாள் எப்படிப் போகும் என்று பார்த்தாலே காரணம் புரியும். பயிற்சியாளர் உங்களை மலை உச்சிக்குக் கூட்டிப்போக மாட்டார். அடிவாரத்தில், கிட்டத்தட்ட சமதளம் போலிருக்கும் ஒரு சரிவில் நிறுத்துவார். அங்கே விமான நிலையத்தில் பார்க்கிற நகரும் நடைபாதை மாதிரி ஒரு பட்டை பனிமேல் ஓடிக்கொண்டிருக்கும். அதன்மேல் நின்றுகொண்டால் நூறு மீட்டர் மேலே கொண்டுபோய் விடும். பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகட்டி, முழங்காலை மடித்து, உள்விளிம்புகளைப் பனியில் அழுத்தி நிற்கக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம். அதுதான் பிரேக். அது வசப்பட்ட பிறகு ஒரு காலில் பாரத்தைக் கூட்டித் திரும்புவது. பெரும்பாலானவர்களுக்கு இதற்கே இரண்டு மூன்று நாள் ஆகிவிடும். அதன் பிறகுதான் ஐரோப்பிய வரைபடங்களில் பச்சை, நீலம் என்று குறிக்கப்பட்ட எளிய பாதைகளில் தைரியமாக இறங்க முடியும். பிரான்சின் த்ருவா வாலே பகுதியில் ஒன்றோடொன்று இணைந்த பாதைகள் 600 கிலோமீட்டர் நீளம். உலகத்திலேயே பெரிது என்ற பெருமை அதற்கு உண்டு, அந்தப் பெருமைக்கு உரிய விலையும் உண்டு. முதல் வாரத்தில் அந்த 600 கிலோமீட்டரில் நீங்கள் தொடப்போவது ஒரு சிறு மூலைதான். இன்னொரு சேதி பலருக்குத் தெரிவதில்லை. ஆல்ப்ஸிலேயே வால் டிசேர் போன்ற சில ஊர்களில் பழகுநர் சரிவுகளின் லிஃப்டுகளுக்குக் கட்டணமே கிடையாது. வேறு பல இடங்களில் பழகுநருக்கென்றே குறைந்த விலைச் சீட்டு உண்டு. இது தெரியாமல் முதல் நாளே ஆறு நாள் முழுச் சீட்டு வாங்குகிறவர்கள், ஏறாத லிஃப்டுகளுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தையும் பிரான்சையும் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், நம் ஊரிலிருந்து யோசிக்கத்தக்க இடங்களில் எனக்கு முதலாவதாகத் தோன்றுவது கஜகஸ்தானின் அல்மாட்டி. காரணம் மலை மட்டுமல்ல, நகரமும்தான். ஷிம்புலாக் பனிச்சறுக்கு மையம் அந்தப் பெருநகரத்தின் தலைமாட்டிலேயே இருக்கிறது. நகரப் பேருந்தில் ஏறி, பெரிய பனித்தரைச் சறுக்கு அரங்கம் இருக்கும் மெதெயு என்ற இடத்தில் இறங்கினால், அங்கிருந்து நாலரை கிலோமீட்டர் நீளமுள்ள கொண்டோலா என்ற கம்பிவடக் கூண்டு வண்டி நேராக 2,260 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. மேல் லிஃப்டுகள் கிட்டத்தட்ட 3,200 மீட்டர் வரை போகின்றன. மலைமேல் அறை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நகரத்தில் சாதாரண அறை, நகரத்து விலையில் சாப்பாடு, நகரத்துப் பேருந்து. பனிச்சறுக்குப் பயணத்தில் சத்தமில்லாமல் பணத்தைத் தின்பவை மலைமேலிருக்கும் அறையும் மலைமேலிருக்கும் சாப்பாடும்தான்; அல்மாட்டியில் இரண்டையும் தவிர்த்துவிடலாம். குளிர்காலத்தில் நிலக்கரிப் புகை நகரத்தின்மேல் கவிந்து கிடக்கும். கொண்டோலா அதைத் தாண்டி மேலே ஏறும்போது வெயிலும் நீல வானமும் திறந்துகொள்ளும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு 14 நாள் வரை விசா தேவையில்லை. டில்லியிலிருந்து நேரடி விமானமும் உண்டு. குறையையும் சொல்லிவிட வேண்டும். ஷிம்புலாக்கின் முக்கியப் பாதைகள் கொஞ்சம் செங்குத்தானவை. பழகுநர் சரிவைத் தாண்டியதும் அடுத்த படி சட்டென்று உயர்ந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து போகிற சென்னைக்காரருக்கு அந்த உயரத்தில் முதல் நாள் தலைவலியும் மூச்சுவாங்கலும் வரலாம். தண்ணீர் நிறையக் குடித்து, முதல் நாளை அரை நாளாக வைத்துக்கொள்வது நல்லது.

ஜார்ஜியாவின் குடௌரி இன்னொரு வகை. தலைநகர் திபிலிசியிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். பழைய ராணுவ நெடுஞ்சாலை வழியாக, திதுபே பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும் மார்ஷ்ருத்கா என்ற பங்கு வேனில் போய்ச் சேரலாம். ஊரே 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பனி நம்பகமானது. பாதைகள் அகலமானவை, பயந்துகொண்டு இறங்குகிறவருக்கு அகலம் பெரிய ஆறுதல். லிஃப்ட் கட்டணம் ஆல்ப்ஸின் பெரிய மையங்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே. சைவம் சாப்பிடுகிறவர்களும் பட்டினி கிடக்க வேண்டாம். லோபியோ என்ற பீன்ஸ் குழம்பும் கச்சாபுரி என்ற பாலாடைக்கட்டி ரொட்டியும் எந்தச் சிறு கடையிலும் கிடைக்கும். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கிற தமிழர்களுக்கு இது இன்னும் வசதி. விமான நேரம் குறைவு, அங்கே செல்லுபடியாகும் வசிப்புரிமை இருந்தால் விசா விதியும் தளர்வு. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் இ-விசா எடுக்க வேண்டும். குடௌரியின் குறை இரண்டு. மரங்களே இல்லாத மொட்டை மலை அது. மேகம் இறங்கினால் வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, சரிவு எந்தப் பக்கம் போகிறது என்பதே தெரியாது. அப்படிப்பட்ட நாளில் புதியவர் மேலே போகவே கூடாது. இரண்டாவது, கடும் பனியிலும் பனிச்சரிவு அபாயத்திலும் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவைத் திபிலிசியில் கழிப்பதாகத் திட்டமிடுகிறவர் ஓர் இரவு வாடகையைக் கூடுதலாகக் கொடுக்கிறார். தவறவிட்ட விமானத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

மூன்றாவது, பல்கேரியாவின் பிரின் மலையில் உள்ள பான்ஸ்கோ. லண்டன் தமிழர்களில் பனிச்சறுக்குப் பழகுகிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கும். பிரிட்டனின் போஸ்ட் ஆபீஸ் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் ஐரோப்பியப் பனிச்சறுக்கு மையங்களின் விலை ஒப்பீட்டில் பலமுறை மிக மலிவான இடமாக வந்த ஊர் அது. ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பான்ஸ்கோவின் லிஃப்ட் சீட்டு ஏறிக்கொண்டே வந்து, இன்றைக்குப் பெரிய சிக்கனம் என்று சொல்ல முடியாத விலையில் நிற்கிறது. மிச்சம் பிடிப்பது அறை வாடகையிலும், மெஹானா என்று அங்கே அழைக்கப்படும் உணவகங்களின் சாப்பாட்டிலும், பயிற்சிக் கட்டணத்திலும்தான். ஊர் ஏறக்குறைய 930 மீட்டரில் கிடக்க, பனிப்பாதைகள் 1,600 மீட்டருக்கு மேலே தொடங்குகின்றன. நடுவே ஒரு கொண்டோலா. விடுமுறை வாரங்களில் காலையில் அந்த வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க நேர்வது உண்டு. பயணத்தின் மதிப்பைப் பனியில் கழிக்கிற மணி நேரத்தால் அளக்கிறோம் என்றால், இப்படி ஐந்து நாள் வரிசையில் போகிற நேரம் கிட்டத்தட்ட ஒரு முழுநாள் பயிற்சிக்குச் சமம். கொண்டோலா நிலையத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் வாடகைக்கு அறை எடுத்து, திறக்கும் முன்பே போய் நிற்பது இங்கே சிக்கனமே. பல்கேரியா 2025 முதல் முழு ஷெங்கன் நாடாகிவிட்டதால், இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்கான 90 யூரோவையும் நேர்காணல் தேதி கிடைக்கும் வரை காத்திருப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த ஒரு காரணத்தாலேயே சென்னையிலிருந்து கிளம்புகிறவருக்கு அல்மாட்டியையும் குடௌரியையும் விட இது பின்னுக்குப் போகிறது. ஐரோப்பாவில் குடியிருக்கும் தமிழருக்கு வரிசை நேர்மாறு.

இடத்தைவிட மாதம் அதிகம் மிச்சப்படுத்தும். எல்லா மலைகளிலும் விலை உச்சத்தில் இருப்பது கிறிஸ்துமஸ் தொடங்கிப் புத்தாண்டு வரை. ஜார்ஜியாவின் மரபுக் கிறிஸ்தவர்கள் ஜனவரி 7-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதால் அங்கே அந்தக் கூட்டம் இன்னும் ஒரு வாரம் நீளும். பிப்ரவரியில் ஐரோப்பியப் பள்ளி விடுமுறைகள் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவே, ஜனவரி 10-க்குப் பிறகு மாதக் கடைசி வரையிலான வாரங்கள் குளிரானவை, பனி நன்றாக இருக்கும், கூட்டம் குறையும், அறை வாடகை இறங்கும். பொங்கலை ஒட்டி விடுப்பு எடுக்கக்கூடியவர்களுக்குத் தோதான காலம். குளிர் தாங்காது என்கிறவர்களுக்கு மார்ச். 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் மலைகளில் அப்போதும் பனி இருக்கும். மதியத்துக்கு மேல் இளகி, விழுந்தாலும் வலிக்காத மென்மைக்கு வந்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று டிசம்பர் முதல் வாரத்துக்குப் பதிவு செய்வதுதான் ஆபத்து. இயற்கைப் பனி இன்னும் விழுந்திருக்காது. செயற்கைப் பனி தயாரிக்கும் பீரங்கிகளுக்கும் காற்று உறைநிலைக்குக் கீழே போயாக வேண்டும். பாதி லிஃப்டுகள் மூடிக்கிடக்கிற மலையில் பாதி விலை கொடுத்தால் அது சிக்கனமாகாது.

பயிற்சியாளரிடம் வருவோம். பணம் மிச்சம் பிடிக்க வேண்டும் என்றதும் பலர் முதலில் வெட்டுவது இதைத்தான். யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம், பழகிய நண்பர் சொல்லித் தருவார் என்ற சமாதானத்தில் வெட்டிவிடுகிறார்கள். இதை நான் திட்டவட்டமாக மறுக்கிறேன். தவறாகப் பழகிய உடல், பயம் வந்ததும் பின்பக்கம் சாயும். பின்னால் சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பிடியை இழந்து, வேகம் கூடி, திருப்பவே முடியாமல் போகும். பனிச்சறுக்கில் முழங்கால் தசைநார் கிழிவதற்கு இப்படிப் பின்சாய்ந்து விழுவது ஒரு முக்கியக் காரணம். பார்த்துத் திருத்த ஆள் இருந்தால் முதல் மணி நேரத்திலேயே சரியாகிவிடுகிற பிழை இது. நான்கைந்து பேர் சேர்ந்து போனால் ஒரு தனிப் பயிற்சியாளரை இரண்டு மணி நேரம் அமர்த்திச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். தனியாகப் போகிறவருக்குக் குழு வகுப்பு போதும். காலையில் வகுப்பு, மதியம் அதே பாடத்தைத் தனியாகப் பயிற்சி செய்வது என்று முதல் மூன்று நாளையும் அமைத்துக்கொண்டால், நான்காவது, ஐந்தாவது நாட்களில் மலை உங்களுக்குத் திறந்துகொள்ளும். அதனால்தான் நாட்களைக் குறைக்கக் கூடாது என்கிறேன். இரண்டு நாள் பனிச்சறுக்கு, இரண்டு நாள் நகர உலா என்று சுற்றுலா நிறுவனங்கள் விற்கும் திட்டத்தில் விமானக் கட்டணம் முழுதாகப் போய்விடுகிறது, பழக்கம் பாதியில் நின்றுவிடுகிறது.

கருவிகள் எதையும் வாங்க வேண்டாம். பலகை, பூட்ஸ், கைத்தடி, ஹெல்மெட் எல்லாமே வாடகைக்குக் கிடைக்கும். அடிவாரத்து ஊரில் இருக்கும் கடை, மலைமேல் லிஃப்ட் வாசலில் இருக்கும் கடையைவிடப் பொதுவாக மலிவு. ஆனால் பூட்ஸ் போட்டுப் பார்ப்பதில் அரை மணி நேரம் செலவிடத் தயங்கவே கூடாது. நம் காலுக்கு எந்த அனுபவமும் இல்லாத பொருள் அது. கெட்டியான பிளாஸ்டிக் ஓடு; உள்ளே மெத்தை. நேராக நிற்கும்போது கால்விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொட வேண்டும்; முழங்காலை மடித்து முன்னால் சாய்ந்ததும் விரல் பின்வாங்க வேண்டும்; குதிகால் எம்பக் கூடாது. இறுக்கமாக இருக்கிறதே என்று ஒரு சைஸ் பெரிதாகக் கேட்பவர்கள் மறுநாள் காலில் தோல் உரிந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போடுவதும் அதே வேதனையில்தான் முடியும். முழங்கால் வரை நீண்ட மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும். கடைக்காரர் எடை, உயரம், வயது, அனுபவம் நான்கையும் கேட்பார். விழும்போது பூட்ஸ் பலகையிலிருந்து எந்த விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அந்த விவரங்களை வைத்துத்தான் திருகி அமைக்கிறார்கள். கூச்சப்பட்டு எடையைக் குறைத்தும், பெருமைக்காக அனுபவத்தைக் கூட்டியும் சொன்னால், கழல வேண்டிய நேரத்தில் கழலாமலும் கழலக் கூடாத நேரத்தில் கழன்றும் போகும். உடையில், நீர் புகாத மேற்சட்டையும் கால்சட்டையும் பல வாடகைக் கடைகளிலேயே கிடைக்கின்றன. தெர்மல் உள்ளாடை, கையுறை, கண்ணாடி, சாக்ஸ் ஆகியவற்றை மட்டும் இங்கேயே வாங்கிப் போகலாம். ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் ஆகாது. நனைந்த பருத்தி உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும்.

மலிவான மலை என்றால் பாதுகாப்புக் குறைவுதானே என்று கேட்கலாம். அலட்சியமாக ஒதுக்கிவிடக் கூடிய கேள்வியல்ல அது. 2018 மார்ச்சில் குடௌரியில் ஒரு நாற்காலி லிஃப்ட் கட்டுப்பாடு இழந்து பின்னோக்கிச் சுழன்றது, பலர் காயமடைந்தார்கள். அந்த லிஃப்டைத் தயாரித்ததோ ஆல்ப்ஸ் முழுவதும் லிஃப்ட் அமைக்கும் ஆஸ்திரிய நிறுவனமான டாப்பல்மயர். இயந்திரம் ஒன்றேதான், இயக்குகிறவர்களின் பயிற்சியிலும் கண்காணிப்பிலும்தான் தரம் மாறுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மலிவுப் பயணத்தின் பெரிய அபாயம் லிஃப்டில் இல்லை. 2024 டிசம்பரில் அதே குடௌரியில், ஓர் இந்திய உணவகத்தின் மேல்தளத்தில் படுத்திருந்த ஊழியர்கள் 12 பேர் கார்பன் மோனாக்சைடு வாயுவால் இறந்துபோனார்கள். அவர்களில் 11 பேர் இந்தியர்கள். மின்சாரம் நின்றபின் மூடிய இடத்தில் ஜெனரேட்டரை ஓடவிட்டதே காரணம் என்று சொல்லப்பட்டது. பிழைக்கப் போன இடத்தில் தூக்கத்திலேயே போன அந்த உயிர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. குளிர்நாட்டில் மலிவான அறை எடுக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது: அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. கேஸ் ஹீட்டரோ விறகு அடுப்போ இருக்கும் அறையில் எச்சரிக்கை மணி இருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். கையடக்க மணி ஒன்று சூட்கேஸில் சோப்புப் பெட்டி அளவு இடம்தான் பிடிக்கும்.

காப்பீட்டையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். சாதாரணப் பயணக் காப்பீட்டில் குளிர்கால விளையாட்டுகள் பெரும்பாலும் சேராது. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ காப்பீடு கேட்கிறார்கள். அதை எடுத்துவிட்டதால் பனிச்சறுக்கில் முறியும் காலுக்கும் பணம் வந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. பனிச்சறுக்கு, ஸ்னோபோர்டு என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறதா, மலையிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவு அடங்குமா, நீங்கள் மோதி இன்னொருவருக்குக் காயம் ஏற்பட்டால் யார் கொடுப்பது என்று மூன்றையும் பார்க்க வேண்டும். இத்தாலியில் 2022 முதல் இந்த மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் பாதையில் இறங்குவதே சட்ட விரோதம். குறித்த பாதையை விட்டு வெளியே போனால் பெரும்பாலான காப்பீடுகள் கைவிரித்துவிடும். பனிச்சரிவு அபாயமும் அங்கேதான், புதியவர் போக வேண்டிய அவசியமும் அங்கே இல்லை.

இவ்வளவு எதற்கு, நம் நாட்டிலேயே காஷ்மீரில் குல்மார்க் இருக்கிறதே, உத்தராகண்டில் ஔலி இருக்கிறதே என்பது வலுவான மறுப்பு. நோக்கம் பழகுவது மட்டும் என்றால் குல்மார்க்கில் அரசு நிறுவனம் நடத்தும் பயிற்சி வகுப்புகளுக்கு ஈடான மலிவு வெளிநாட்டில் எங்கும் கிடையாது. அங்கே இடம் கிடைத்தால் போகலாம், தயங்க வேண்டாம். ஆனால் 3,980 மீட்டர் வரை ஏறும் குல்மார்க் கொண்டோலாவின் மேல் கட்டம், நன்றாகப் பழகித் தேர்ந்தவர்களுக்கான காட்டுச் சரிவு. பழகுநர் சரிவைத் தாண்டியவருக்குப் படிப்படியாக ஏற்றம் கொடுக்கிற நடுத்தரப் பாதைகள் குறைவு. 2024 ஜனவரியில் பனியே விழாமல் குல்மார்க் புல்வெளி பழுப்பாகக் கிடந்தது. பனியை நம்பி ஒரே மலையில் பணத்தைக் கட்டுவதில் உள்ள அபாயம் இது. இன்னொரு பக்கம், சுவிட்சர்லாந்து போய் டிட்லிஸ் உச்சியில் பனியை அள்ளிப் படம் எடுத்துக்கொண்டால் போதும் என்கிறவர்களும் உண்டு. அது அழகான சுற்றுலா, பனிச்சறுக்கு அல்ல. அந்த ஒரு நாளுக்கு ஆகும் செலவில் அல்மாட்டியில் ஓரிரண்டு நாள் வகுப்பும் வாடகையும் அடங்கிவிடும்.

ஸ்கீயா, ஸ்னோபோர்டா என்று முடிவெடுக்க முடியாதவர்களுக்கு: ஐந்து நாள்தான் கையில் இருக்கிறது என்றால் காலுக்கொரு பலகை பூட்டும் ஸ்கீயே நல்லது. ஒரே பலகையில் இரண்டு காலையும் பூட்டிக்கொள்ளும் ஸ்னோபோர்டில் முதல் இரண்டு நாள் விழுவதும் எழுவதுமாகவே போகும், மணிக்கட்டில் அடிபடும் வாய்ப்பும் அதிகம். அது பிடிபட்ட பிறகு வேகமாக வளரும். ஸ்கீயில் தொடக்கம் எளிது, பின்னால்தான் கடினம். எதுவானாலும் பதிவு செய்யும் வரிசை முக்கியம். விசா விதியை அந்தந்த நாட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிட்டு விமானச் சீட்டு, பிறகு அறை, பிறகு முதல் மூன்று காலைகளுக்குப் பயிற்சியாளர், அதன் பின் காப்பீடு. லிஃப்ட் சீட்டை மட்டும் அங்கே போய், பழகுநர் சரிவில் எத்தனை நாள் இருக்கப்போகிறீர்கள் என்று பயிற்சியாளரிடம் கேட்ட பிறகு வாங்குங்கள்.